அடிக்கடி உறைந்துபோகும் கணனி: காரணத்தைத் தேடும் முறை

முன்னேஸ்வரத்தில் நாம் நடத்தும் சிறிய கணனி அறையில் நான்கு பழைய மேசைக் கணனிகள் உள்ளன. காலையில் அவற்றுள் ஒன்றில் மகளிர் சிறுசேமிப்புக் குழுவின் கணக்குகள் பதியப்படும். மாலையில் அதே கணனியில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் பயில்வார்கள். இந்தக் கணனிதான் வாரத்தில் இரண்டு மூன்று தடவை உறையத் தொடங்கியது. திரை அப்படியே நிற்கும். சுட்டி அசையாது. "பாதர், பெட்டி திரும்பவும் ஸ்ரக்" என்று யாராவது ஓடி வருவார்கள். ஆளியை அணைத்துப் போட்டால் மீண்டும் இயங்கும். நாமும் சில மாதங்கள் அவ்வாறே செய்து காலம் கடத்தினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இது வெறும் இயந்திரத் தொல்லையாக மட்டும் இருந்திருந்தால் இங்கு எழுதியிருக்கமாட்டோம். ஒரு மாத முடிவில் பன்னிரண்டு உறுப்பினர் கட்டிய தவணைகள் பதிவில் இல்லாமற் போயின. பற்றுச்சீட்டுகள் இருந்தன, பணமும் சதம் குறையாமல் இருந்தது. ஆயினும் கணக்குப் பதியும் பிள்ளையைப் பற்றி ஊரில் கதை எழும்பிவிட்டது. அவள் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் வரவில்லை. சைவரும் கத்தோலிக்கரும் சிங்களவரும் ஒன்றாக உட்காரும் குழு அது. பல ஆண்டு உழைப்பில் கட்டியெழுப்பிய நம்பிக்கையை ஒரு கணனி உடைக்கப் பார்த்தது.

உடனே கிடைத்த ஆலோசனை, "இலவச மென்பொருள் அப்படித்தான், அதைத் தூக்கிவிட்டுக் களவாகப் பிரதிசெய்த விண்டோஸைப் போடுங்கள்" என்பதாகும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எமது கணனிகள் விண்டோஸ் 11 ஐத் தாங்கும் தகுதி உடையன அல்ல. ஆகவே டெபியன் லினக்ஸையே பயன்படுத்துகின்றோம். திறந்த மூல மென்பொருளை ஏழைகளுக்குரிய இரண்டாந்தரப் பொருளாக எண்ணுவோருக்கு ஒன்றை நினைவூட்டலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்வதற்காக எம் நாட்டு இளைஞர்கள் எழுதிய 'சஹானா' திறந்த மூல மென்பொருளே. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அந்நாட்டிலும் அது பயன்பட்டது. சமூகப் பயன் மிக்க திட்டத்திற்கான விருதை 2006 ஆம் ஆண்டுக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

சரி, கணனிக்கு வருவோம்.

உறைதல் என்பது ஒரு நோயல்ல, அறிகுறி. காய்ச்சலைப் போன்றது. மலேரியாவாலும் காய்ச்சல் வரும், டெங்குவாலும் வரும். எனவே கணனி உறைந்தவுடன் ஆளியைத் தேடி ஓடக்கூடாது. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. சாவிப்பலகையிலுள்ள 'கப்ஸ் லொக்' சாவியை அழுத்தினால் அதன் சிறு விளக்கு எரிந்து அணைகின்றதா? பெட்டியின் முகப்பிலுள்ள வன்தட்டு விளக்கு இருண்டு கிடக்கின்றதா, விடாமல் எரிகின்றதா? சாவிப்பலகை விளக்கு அசையாவிட்டால் முறைமையின் கருவே நின்றிருக்கக்கூடும். அது தாமதமாகவேனும் அசைந்து, வன்தட்டு விளக்கும் விடாமல் எரிந்தால், கணனி சாகவில்லை, மூச்சுத் திணறுகின்றது. ஐந்து நிமிடம் பொறுங்கள். 'கன்ரோல்', 'ஓல்ற்', 'எஃப் 3' ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை ஒன்று வரலாம். அங்கிருந்து சிக்கிய செயலியை மட்டும் நிறுத்த முடியும்.

அதுவும் வராவிட்டால், 'ஓல்ற்', 'பிறின்ற் ஸ்கிறீன்' இரண்டையும் பிடித்தபடி எஸ், யூ, பி என்ற எழுத்துச் சாவிகளை இரண்டு மூன்று வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். முதலாவது, எழுதப்படாத தரவை வன்தட்டில் எழுதச் சொல்கின்றது. இரண்டாவது, வன்தட்டை இனி எவரும் எழுதாதபடி பூட்டுகின்றது. மூன்றாவது, கணனியை மீளத் தொடக்குகின்றது. கரு உயிரோடு இருந்தால் மட்டுமே இது பலிக்கும். ஆளியை நீண்ட நேரம் அழுத்துவது கடைசி வழி.

அடுத்தது குறிப்பேடு. நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கணனியருகே நூலில் கட்டித் தொங்கவிட்டோம். லினக்ஸும் தன் பங்கிற்கு ஒரு நாட்குறிப்பு எழுதுகின்றது. இரவில் நாம் செய்யும் ஆத்தும சோதனையைப் போல, நிகழ்ந்ததையெல்லாம் அது ஒளிக்காமல் எழுதிவைக்கும். 'ஜேர்னல்-சி-ரி-எல்' என்ற கட்டளையோடு, இடைக்கோடு பி, இடைக்கோடு 1 என்று சேர்த்தால் உறைவதற்கு முன்னைய அமர்வின் குறிப்புகள் வரும். இறுதி வரிகளே முக்கியம். நினைவகம் போதாமல் ஒரு செயலி நிறுத்தப்பட்டிருந்தாலும், வன்தட்டு வாசிக்க மறுத்திருந்தாலும், திரைச் செலுத்தி தடுமாறியிருந்தாலும் அங்கே தடயம் இருக்கும். எந்த முறைப்பாடும் இல்லாமல் குறிப்பு சட்டென்று அறுந்து நின்றால் வன்பொருளைச் சந்தேகிக்கத் தொடங்கலாம். மயங்கி விழுபவன் எழுதிவிட்டு விழுவதில்லை அல்லவா?

நாம் முதலில் சந்தேகித்தது மின்சாரத்தை. கோயில் திருவிழாக் காலத்தில் மாலையானால் எமது மின்குமிழ்கள் மங்குவதுண்டு. நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் எமது மாவட்டத்திலேயே இருந்தும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் இருந்தவர்கள் நாம். எதற்கும் கரண்டைக் குற்றஞ்சொல்வது பழகிவிட்டது. ஆனால் இரண்டு வாரக் கொப்பியில் இருந்த ஏழு பதிவுகளில் இரண்டே மின்குமிழ் மங்கிய நேரத்தில் நிகழ்ந்தவை. எமது ஊகம் பிழைத்தது.

வேறொன்று தெளிவாகத் தெரிந்தது. ஏழில் நான்கு தடவை விளக்குகள் முற்றாகச் செத்திருந்தன, நாட்குறிப்பும் அறுந்திருந்தது. மற்ற மூன்று தடவையும் வன்தட்டு விளக்கு விடாமல் எரிந்தது. அந்த மூன்றும் பிள்ளைகள் இணையத்தில் பல பக்கங்களைத் திறந்து காணொளி பார்த்த வேளைகள். ஆக, ஒரே பெயரில் இரண்டு நோய்கள். இதனால்தான் ஒரு பரிகாரம் செய்து இரண்டு நாள் சுகமாகி மீண்டும் பழைய கதையாகிக்கொண்டிருந்தது.

முதல் நோய்க்கு 'மெம்ரெஸ்ற்' என்னும் நினைவகச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் திரையில் சிவப்பு வரிகள். மின்னிணைப்பைக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிய பின், நினைவகப் பட்டிகள் இரண்டையும் எடுத்தோம். அவற்றின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிப் படலம் படிந்திருந்தன. கடற்காற்று சைக்கிளையும் தகரக் கூரையையும் மட்டும் தின்பதில்லை. பள்ளிப் பிள்ளையின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் நீக்கி, அழுத்திப் பொருத்தினோம். அடுத்த இரவுச் சோதனையில் ஒரு பிழையும் இல்லை. பிழை தொடர்ந்திருந்தால் பட்டிகளைத் தனித்தனியே சோதித்துப் பழுதானதை நீக்கியிருப்போம். அப்போதே தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகளின் தலை வீங்கியிருக்கின்றதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கவேண்டாம். 230 வோல்ற் உள்ளே 325 வோல்ற் அளவுக்கு உயர்ந்து தேங்கி நிற்கும், இணைப்பைக் கழற்றிய பின்னரும் தாக்கும்.

இரண்டாவது நோய் நினைவகப் பற்றாக்குறை. பாரமான மேசைத்தளத்திற்குப் பதில் இலகுவான ஒன்றைப் போட்டோம். 'ஏர்லி-ஓ-ஓ-எம்' என்ற சிறு நிரலையும் நிறுவினோம். நினைவகம் தீர்ந்து கணனி திணறுவதற்கு முன்னரே அது மிகுதியாக விழுங்கும் செயலியை மூடிவிடும். உலாவியை முதலில் மூடு, கணக்கைத் தொடாதே என்று அதற்குச் சொல்லிவைக்கவும் இடமுண்டு. ஒரு நாளில் ஒரு மாற்றமே செய்தோம். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சுகமாக்கியது என்று ஒருபோதும் தெரியாது.

மென்பொருளில் உண்மையாகவே குற்றம் இருப்பதும் உண்டு. 2013 இல் வெளிவந்த இன்டெல் 'பே ட்ரெயில்' வகைச் செயலிகள் லினக்ஸில் காரணமின்றி உறைந்தன. சில்லு வேலையற்ற நேரத்தில் ஆழ்ந்து உறங்கப்போய் எழும்பவில்லை. பல நாட்டுப் பாவனையாளர்கள் தம் குறிப்புகளை ஒப்பிட்டே இதைக் கண்டுகொண்டார்கள். உறக்கத்தின் ஆழத்தை மட்டுப்படுத்தியபோது பலருடைய கணனிகள் உறைவது நின்றது. அவர்களிடமும் இருந்தது எம்முடையதைப் போன்ற கொப்பிதான்.

கணக்குப் பதியும் பிள்ளையின் வீட்டிற்குக் கொப்பியையும் கொண்டு குழுத் தலைவியுடன் சென்றோம். அடுத்த கூட்டத்தில் அவளே ஏழு பதிவுகளையும் வாசித்து விளக்கினாள். தவணைகளைப் பற்றுச்சீட்டிலிருந்து மீண்டும் பதிந்தாள். லிப்ரே ஒஃபிஸில் தானியங்கு மீட்புச் சேமிப்பை இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறையாக அமைத்தவளும் அவளே.

பயிற்சி: உங்கள் நிலையத்தில் உறையும் கணனி இருந்தால் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பெடுங்கள். நான்கு நிரல்கள் போதும்: நேரம், திறந்திருந்த செயலிகள், இரு விளக்குகளின் நிலை, மின்சாரத்தின் நிலை. கணக்கு வேலையை அதுவரை வேறு கணனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.