கத்திரி எப்போது கைக்கு வரும் என்று கேள்

தூத்துக்குடி

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. டவுனில் பெரிய சலூன், உதவியாளர் வேலை. காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். முதல் ஆறு மாதம் தலை அலசுவதும் தரையில் கிடக்கும் முடியைக் கூட்டுவதும்தான். இரண்டு வருஷத்துக்கு பாண்டு கேட்கிறார்கள். அம்மா கூடவே கூடாது என்கிறாள். சேரலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் அம்மாவின் கோபத்தைப் புரிந்துகொள். எங்கள் தாத்தா வீடு வீடாகக் கொல்லைப்புற வழியில் போய்ச் சவரம் செய்தார். கூலி, அறுப்புக் காலத்தில் அளந்து போடும் நெல். பாட்டி ஊருக்கெல்லாம் பேறுகாலம் பார்த்தாள். பிள்ளையை ஏந்திய அதே கையால் தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த உன் அம்மா, உன்னைப் படிக்க வைத்தது இந்த வாசனையே படக்கூடாது என்றுதான். நீ ஏசி என்றும் கண்ணாடிக் கதவு என்றும் எவ்வளவு சொன்னாலும் அவள் காதில் விழுவது அந்தப் பழைய கொல்லைப்புறம்தான். அவளோடு வாதாடாதே.

ஆனால் அதே தொழிலில் நின்றபடி மரியாதையைச் சம்பாதித்தவர் நம் ஊரிலேயே இருக்கிறார். மில்லர்புரத்தில் சலூன் வைத்திருக்கும் பொன்மாரியப்பன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். காத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று கடைக்குள்ளேயே நூலகம் வைத்தார். படிக்கிறவர்களுக்குக் கூலியில் தள்ளுபடியும் கொடுத்தார். 2020 அக்டோபரில் ‘மனதின் குரல்’ வானொலி நிகழ்ச்சியில் பிரதமர் அவரிடம் பேசினார். அந்தப் பேரைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: முடி வெட்ட வந்த பையன் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கடையை அவர் உண்டாக்கியது. கடை பெரிதா சிறிதா என்பதில் ஒன்றுமில்லை. நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற ஆள்தான் கடை.

பெண் பிள்ளை ஆம்பளைக்கு முடி வெட்டுவதா என்று சித்தப்பா கேட்டாராம். உத்தரப்பிரதேசத்தில் பன்வாரி டோலா என்ற கிராமத்தில், அப்பா படுத்துவிட்டதும் ஜோதி, நேஹா என்று இரண்டு சிறுமிகள் கடையை எடுத்து நடத்தினார்கள். ஊர் பேசும் என்று முதலில் பையன்கள் மாதிரி கிராப்பு வெட்டி, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் நின்றார்கள். 2019-இல் சச்சின் டெண்டுல்கரே அவர்களிடம் சவரம் செய்துகொண்டார். சித்தப்பாவிடம் இதைச் சொல். வாய் மூடுவார் என்று நான் உறுதி தர மாட்டேன்.

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். தலை அலசுவதும் கூட்டுவதும் கேவலம் என்று நினைக்காதே. ஒருவர் தலையில் கை வைத்துத் தேய்க்கும்போதுதான் முடியின் கனம், சுழி, தழும்பு எல்லாம் விரலுக்குத் தெரியும். சுழி தெரியாமல் உச்சியில் கத்திரி வைத்தால் முடி குத்திட்டு நிற்கும். ஆறு மாதம் அதற்கு அதிகமில்லை. ஆனால் இரண்டு வருஷமும் அதுவே என்றால் அது வேலை கற்பது ஆகாது. ஆள் பிடித்து வைப்பது.

நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில் முங்குகிறவர் கடலின் ஆழத்தைவிட, மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர் யார் என்றுதான் பார்ப்பார். மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். நீயும் அதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கடையில் உனக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர் யார்? அவர் தன் கையில் உள்ளதைக் காட்டுவாரா, மறைப்பாரா? கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

போகும்போது இவற்றைக் கேள். கத்திரி எந்த மாதம் கைக்கு வரும், யார் தலையில் பழகலாம்? பாண்டில் நீ இருக்க வேண்டிய காலம் எழுதியிருக்கும். அவர்கள் கற்றுத்தர வேண்டியதும் எழுதியிருக்கிறதா? நடுவில் நின்றால் எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள்? அசல் சான்றிதழ்களை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதே, ஜெராக்ஸ் போதும். உட்கார இடம் உண்டா என்றும் கேள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் கடை என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ பிடிக்க வேண்டும். சின்னக் கடையில் சேர்ந்தால் முடிதிருத்துவோர் நல வாரியத்தில் பதிந்துகொள். பதினெட்டு முடிந்தால் போதும்.

உடம்பையும் பார்த்துக்கொள். நாள் முழுக்க ஷாம்பூவில் ஊறினால் விரலிடுக்கு வெடிக்கும். கையுறை போடு, ஈரத்தை ஒற்றித் துடை, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவு. டை போடும்போது வெறுங்கை கூடாது. கறுப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்கும்படி செய்யும். அதனால் இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். முடி நேராக்கும் சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு ஆவி வரும். காற்றோட்டம் இல்லாத அறையில் அதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடு. பிளேடு ஆளுக்கு ஒன்று. இந்த விஷயங்களில் சலூன்காரர் அலட்சியம் காட்டினால், அங்கே எவ்வளவு சம்பளம் தந்தாலும் சேராதே.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வாங்கிக்கொள். ஊருக்குத் திருநாள் என்றால் நமக்கு வேலை நாள். பனிமய மாதா கோவில் திருவிழா, தீபாவளி, கிறிஸ்துமஸ், கல்யாண முகூர்த்தம் எதற்கும் லீவு கிடைக்காது. சிநேகிதி கல்யாணத்துக்குப் போக முடியாமல், அவளுக்கே தலை அலங்காரம் செய்து அனுப்புவாய். இதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடு. அதில் தப்பே இல்லை.

என்னைக் கேட்டால் சேரச் சொல்வேன். ஆறு மாதத்தில் கத்திரி தருவதாக எழுத்தில் கொடுத்து, பாண்டை ஒரு வருஷமாகக் குறைத்தால் சேர். குறைக்க மாட்டோம் என்றால், கற்றுத்தருவதையாவது எழுதி வாங்கு. இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால் நீ அங்கே போக வேண்டாம். டவுனில் வேறு கடைகள் இருக்கின்றன, நானே நாலு இடத்தில் விசாரிக்கிறேன். இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்ப ஏரல் பஸ்ஸுக்காக நிற்க வேண்டாம். நம் வீட்டிலேயே தங்கு, அத்தையும் அதைத்தான் சொல்கிறாள்.

திங்கட்கிழமை போய்க் கேட்டுவிட்டு எனக்கு போன் செய். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பேசுகிறேன். அதுவரை அவளிடம் இந்தப் பேச்சை எடுக்காதே.

அன்புடன்,
மாமா