ஒட்டுத் தளத்தைப் பழுது பார்ப்பதா, பிரித்துப் போடுவதா? இளம் பொறியாளருக்கு ஒரு கடிதம்

மெட்ராஸ் ஒட்டு என்று கொத்தனார்கள் சொல்லும் மொட்டைமாடித் தளம் மரமும் சுண்ணாம்பும் சேர்ந்து தாங்குவது. சுவருக்குச் சுவர் ஏறக்குறைய ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகள் போட்டிருக்கும். அவற்றின்மேல் ஓரங்குல மொத்தமுள்ள சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் கட்டுவார்கள். அதன்மேல் மூன்று, நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லிக் காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இதை இறுக்குவது வழக்கம். கடைசியாகத் தட்டோடு. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பகுதிகளின் பழைய வீடுகளில் இந்தத் தளம் இன்னும் நிறைய இருக்கிறது. வீட்டுக்காரர் பொறியாளரை அழைப்பது பெரும்பாலும் ஒழுகத் தொடங்கிய பிறகுதான்.

ஒழுகல் ஒரு நோய், தொய்வு வேறொரு நோய். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் நல்ல தளங்கள் இடிக்கப்படுகின்றன, ஆபத்தான தளங்களுக்கு மேல்பூச்சு பூசப்படுகிறது. தண்ணீரைத் தடுப்பது தட்டோடும் ஜல்லிக் காரையும். பாரத்தைச் சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கட்டை. மேலே எவ்வளவு ஒழுகினாலும் கட்டை திடமாக இருந்தால் அந்தத் தளம் பிழைக்கும். சொட்டு நீர் இறங்காத தளத்திலும் கட்டை முனை உளுத்துப் போயிருந்தால் கீழே ஆள் குடியிருக்கக் கூடாது.

நீர் இறங்கும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, அடைபட்ட தூம்பு, அரசங்கன்று வேர்விட்ட வெடிப்பு. வேரைக் கெல்லி எடுத்து, தூம்பைத் திறந்து, பெயர்ந்த ஓட்டை மாற்றி, மூலையைச் சுண்ணாம்புக் காரையால் வளைத்துப் பூசினால் ஒழுகலில் பெரும்பகுதி நின்றுவிடும். சிமென்ட் இங்கே உதவாது. சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் மழைக்கும் அசைந்து கொடுக்கும். மேலே ஒட்டிய சிமென்ட் பூச்சு அப்படிக் கொடுக்காமல் மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்கிய நீர் திரும்ப மேலே காய வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கட்டையைத் தேடிப் போகும்.

கட்டையைப் பார்ப்பதுதான் இந்த வேலையின் சாரம். இளம் பொறியாளர் அறையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதக் கூடாது. ஏணி போட்டு, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்துக்குப் போக வேண்டும். நடுப்பகுதி காற்றுப்பட்டு நூறாண்டு கடந்தும் கல்லாக இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் ஓதத்தில் கெடுகிறது. முதலில் சுத்தியலால் தட்டிக்கொண்டே சுவரை நோக்கி நகர வேண்டும். கணீரென்று கேட்ட ஒலி சுவர் நெருங்க நெருங்க மந்தமானால் அங்கே சந்தேகம். பிறகு குத்தூசியை நார்ப்போக்குக்குக் குறுக்கே அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கில் அது ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. நெம்பினால் நீளச் சிம்பாகப் பெயரும். உளுத்த கட்டையில் விரல்கடை அளவு எதிர்ப்பின்றி இறங்கும், பெயர்வது கட்டம் கட்டமாக உடைந்த பழுப்புத் தூளாக இருக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஈரமானி இருந்தால் முனைகளில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. வெள்ளையடித்த கட்டையில் கறையான் புற்றுக்கோடு மறைந்திருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்காமல் முடிவு சொல்லவே முடியாது.

அடுத்தது தொய்வு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்தால் நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 883 பொதுவாக நீளத்தில் 240-இல் ஒரு பங்கு வரை அனுமதிக்கிறது. 12 அடிக் கட்டைக்கு இது சுமார் 15 மில்லிமீட்டர். பழைய கட்டை பல பத்தாண்டுகள் சுமந்ததால் இதைக் கொஞ்சம் தாண்டியிருப்பது இயல்பு. அதனால் அளவு மட்டும் தீர்ப்பாகாது. இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதி, ஐப்பசி கார்த்திகை அடைமழை முடியும்வரை கவனித்தால் விடை கிடைக்கும். கண்ணாடி உடைந்தால் தளம் நகர்கிறது. முனை உளுத்தது முன்பே தெரிந்திருந்தால் இப்படிக் காத்திருக்கக் கூடாது. அன்றே முட்டு கொடுக்க வேண்டும்.

பாரத்தைப் பலரும் கணக்குப் போடுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஒழுகலுக்கு மருந்தாக மேலே ஒரு தளம் ஏற்றியிருக்கும். இரண்டு அங்குலச் சிமென்ட் காரையும் ஓடும் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்குக் குறையாது. ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 ஒதுக்கும் சுமையே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோதான். 12-க்கு 10 அடி அறைக்கு இந்த ஒரே பூச்சு ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிவிடுகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி அறைக்கு நடுவே நின்றால் இன்னொரு டன். பல வீடுகளில் பழைய பூச்சுகளைப் பெயர்த்து, தொட்டியைக் கனமான சுவரின் மேலே நகர்த்துவதே பாதிப் பழுதுபார்ப்பு.

இவ்வளவும் தெரிந்தபின் முடிவு கடினமில்லை. கெட்டது ஈரச் சுவரோரம் நாலைந்து முனைகள் மட்டும், நடுக்கட்டை திடமாக இருக்கிறது, செங்கல் வரிசை இறுக்கமாக இருக்கிறது என்றால் பழுது பார்ப்பதே சரி. இருபுறமும் முட்டு கொடுத்து, உளுத்த பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, பக்கவாட்டில் இரும்புச் சேனல் வைத்து போல்ட்டால் இறுக்கிச் சுவருக்குள் ஏற்றலாம். முனையைச் சுற்றிச் சிமென்ட் அடைக்காமல் காற்றுக்கு இடைவெளி விட வேண்டும். ஈரத்தின் காரணத்தை முதலில் தீர்க்காவிட்டால் புது முனையும் அதே வழியில் போகும். கறையான் பல கட்டைகளில் நடுவரை ஏறியிருந்தாலோ, செங்கல் இடுக்கின் காரை விரலால் சுரண்டினால் மணலாகக் கொட்டினாலோ, தளத்தைப் பிரிப்பதே நேர்மையான யோசனை. அங்கே ஒட்டுப்போடுவது வீட்டுக்காரரின் பணத்தை இரண்டு முறை செலவழிப்பது.

பிரிப்பது என்றாலே கான்கிரீட் என்பது ஒப்பந்தக்காரரின் கணக்கு. கட்டைக்குப் பதில் இரும்பு கர்டர் போட்டு அதே செங்கல் ஒட்டைக் கட்டலாம். கிடைத்தால் பிரித்த வீட்டின் பழந்தேக்கை வாங்கியும் போடலாம். தடித்த சுண்ணாம்புத் தளம் தரும் குளிர்ச்சியை மெல்லிய கான்கிரீட் தராது. 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளமும் சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை. அதன்மேல் ஓடு பதிக்கும் காரையும் வந்தால் பழைய தளத்துக்குக் குறையாது. மண்காரையில் கட்டிய சுவர் அந்தப் பாரத்தை ஏற்குமா என்று பார்த்த பிறகே வரைபடம் போட வேண்டும். பழைய கட்டடத்தை இடிக்காமல் மீட்கலாம் என்பதற்குச் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் சாட்சி. அது 2012 ஜனவரியில் தீக்கிரையானது. அதையே பொதுப்பணித் துறை இடிக்காமல் மீட்டெடுத்தது. அதை இளம் பொறியாளர்கள் நேரில் போய்ப் பார்ப்பது பாடப் புத்தகத்தைவிடப் பயன் தரும்.

அறிக்கையில் ஒவ்வொரு கட்டைக்கும் எண் கொடுத்து, இரு முனைகளின் நிலையையும் தனித்தனியே எழுத வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும். தளத்தின் கீழே படுத்துத் தூங்குவது அவர்கள்தான். வேலை தை பிறந்தபின் தொடங்கி ஆடிக்குள் முடிவது நல்லது. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், ஈரச்சாக்கு போட்டு நிதானமாகப் பதப்படுத்த அதற்கு அவகாசம் வேண்டும். பிரிக்கும்போது கீழிருந்து கட்டையை உருவக் கூடாது. எல்லாக் கட்டைக்கும் முட்டு நின்றபின், மேலிருந்து ஓடு, ஜல்லி, செங்கல் என்ற வரிசையில், ஒரு கட்டை இடைவெளி முடிந்து அடுத்தது என்று போக வேண்டும். பெயர்த்த சிறு செங்கற்களைச் சுரண்டி அடுக்கி வைத்தால் புதுத் தளத்துக்கு மீண்டும் ஆகும்.