இறக்கத்தில் வரும் பயம் – வெல்வது எப்படி?



இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, சைக்கிளில் இறக்கம் இறங்கும்போது வரும் பயம். நம்ம குண்டடம் மலை ஊர் இல்லையே, காத்தாடி சுத்துற வெட்டவெளிதானேன்னு நீங்க கேட்கலாம். காலையில வாய்க்கால் பாலத்துக்கிட்ட நின்னு பாருங்க. இறக்கம் வந்ததும் எத்தனை பேர் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றாங்கன்னு தெரியும். முக்கால்வாசி பெண் பிள்ளைகள்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. எங்க தெருவில் ஒரு அக்கா இறக்கத்தில் விழுந்த பிறகு சைக்கிளையே தொடலை. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சா பஸ் இருக்காது. ப்ளஸ் ஒன்னோட நின்னுட்டாங்க. இப்போ பனியன் கம்பெனி வேனில் போறாங்க. சைக்கிள் மட்டுமே காரணம் இல்லை. ஆனா அதுவும் ஒரு காரணம்.

பயம் என்பது என்ன?

ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், கை விறைக்கும், பிடி இறுகும். இது நம்மைக் காப்பாற்ற உடம்பு செய்யும் வேலை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது அறியாமை என்று திருவள்ளுவரே 428ஆம் குறளில் சொல்லியிருக்கிறார். அதனால் பயமே இருக்கக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சுக்கிட்டா போதும். மிச்சப் பயம் தானா போயிடும்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

வேகத்துக்கு. மேட்டில் இருக்கும்போது நமக்கு நிலை ஆற்றல் உண்டு. இறங்கும்போது அது இயக்க ஆற்றலாக மாறும். 5 மீட்டர் உயரத்திலிருந்து மிதிக்காமலே இறங்கினாலும், கணக்குப்படி கீழே வரும்போது வேகம் நொடிக்கு சுமார் 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். காத்தும் உராய்வும் கொஞ்சம் குறைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. அப்போ பிரேக் பிடிச்சு நிற்கும் தூரமும் ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். அதனால வேகம் ஏறுன பிறகு பிடிக்காம, ஏறும் முன்னாடியே பிடிக்கணும்.

பிரேக் அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. 1976 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மாரின் பகுதியில், பழைய சைக்கிள்களில் ஒரு மலை இறக்கப் பந்தயம் நடத்தினார்கள். சுமார் 400 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக் அது. சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. மறுபடி அடைப்பது என்று அர்த்தம். அங்கே ஓட்டியவர்கள்தான் பிறகு மலைச் சைக்கிளை உருவாக்கினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டி சேர்ந்தது. 2023 அக்டோபரில் பக்கத்துக் கேரளாவில், பொன்முடியில் ஆசியப் போட்டி நடந்தது.

இறங்கும் முறை

1. முதலில் பிரேக் கட்டையையும் டயரையும் பாருங்கள். எந்தக் கையில் முன் பிரேக் என்று தெரிந்துகொள்ளுங்கள். துப்பட்டாவை முடிச்சுப் போடுங்கள். பையை கேரியரில் கட்டுங்கள்.

2. முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் உடம்பு முன்னே போய்க் குப்புற விழுவோம். பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் வழுக்கும். இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள்.

3. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். முட்டியும் முழங்கையும் லேசாக மடங்கட்டும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.

4. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறையுங்கள். வளைவிலும் ஜல்லியிலும் பிரேக்கை இறுக்காதீர்கள். மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

5. கல்லைப் பார்த்தால் கல்லுமேலதான் போவோம். பத்து மீட்டர் முன்னால், போக வேண்டிய வழியைப் பாருங்கள். எங்க அம்மா பவர் டேபிளில் தைக்கிறாங்க. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்த புதுசில் அவங்களுக்கும் கை நடுங்குச்சாம். “ஊசியவே பாத்தீன்னா துணி கோணிப் போகும் சாமி, முன்னால வர்ற ஓரத்தப் பாக்கோணும்”னு சொல்லுவாங்க. சைக்கிளுக்கும் அதே பாடம்தான்.

6. ஒரே நாளில் முழு இறக்கம் வேண்டாம். நான் பாலத்தின் அடியிலிருந்து பத்தடி மேலே போய் இறங்கிப் பழகினேன். அடுத்த நாள் இருபதடி. உச்சிக்குப் போக ஒன்பது நாள் ஆச்சு. இப்பவும் மேலே நிக்கும்போது நெஞ்சு படபடங்குது. ஆனா கை விறைக்கிறது இல்லை.

புதுக்கோட்டைப் பெண்கள்

நமக்கு முன்னாடியே பயத்தை வென்றவர்கள் இருக்கிறார்கள். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள் எல்லாரும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் பத்தாததால் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். ஊர் சிரித்தது. 1992 மகளிர் தினத்தில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அவங்களுக்கு விழுற பயத்தோட, ஊர் என்ன சொல்லுமோங்கிற பயமும் இருந்தது. இரண்டையும் சேர்ந்து பழகித்தான் ஜெயிச்சாங்க.

தோழிகளே, ப்ளஸ் ஒன் போனால் நமக்கும் அரசு விலையில்லா சைக்கிள் தரும். அது வீட்டுத் திண்ணையில் நிற்கக் கூடாது. சனிக்கிழமை காலை வாய்க்கால் பாலத்துக்கு வாங்க. ஒருத்தர் இறங்கட்டும், ஒருத்தர் கீழே நின்னு வண்டி வருதான்னு பார்த்துச் சொல்லட்டும். பத்தடியிலிருந்து ஆரம்பிப்போம்!

– 9ஆம் வகுப்பு மாணவி