பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு?

கல்முனையில் துணிக்கடையிலோ பாமசியிலோ வேலை கேட்டுப் போகிறீர்கள். "பேசிக் முப்பது, அலவன்ஸ் இருபது" என்கிறார் முதலாளி. கைக்கு ஐம்பதாயிரம் வருகிறதே என்று உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) எந்தத் தொகைக்குக் கட்டப்படும் என்று முதலில் கேளுங்கள்.

கணக்கைப் பாருங்கள்

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். ஈ.டி.எப்.புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு) மேலும் 3 சதவீதம் முதலாளியே கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவு அலவன்ஸாகத் தரும் 20,000 ரூபாவை விட்டுவிட்டு பேசிக்குக்கு மட்டும் கட்டினால், முதலாளி பங்கில் மாதம் 3,000 ரூபா உங்களுக்கு இல்லாமல் போகும். ஐந்து வருடத்தில் அது 180,000 ரூபா. வட்டி வேறு.

எது சேரும், எது சேராது?

வாழ்க்கைச் செலவு அலவன்ஸ், சாப்பாட்டு அலவன்ஸ், கமிஷன், லீவு நாள் சம்பளம் எல்லாம் கணக்கில் சேரும். மருதமுனையில் ஒரு முதலாளியிடம் துண்டுக் கணக்கில் நெய்பவரின் கூலியும் சேரும். ஓவர்டைம் சேராது. வேலைக்காக ஓடிய பெட்ரோலுக்குப் பில் காட்டி வாங்கும் காசும் சேராது.

செய்ய வேண்டியவை

1. நியமனக் கடிதத்தில் பேசிக்கையும் ஒவ்வொரு அலவன்ஸையும் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

2. "மூன்று மாதம் போகட்டும், பிறகு ஈ.பி.எப். போடுவோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தற்காலிக ஊழியருக்கும் பழகுநருக்கும் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு.

3. உங்கள் அங்கத்துவ இலக்கத்தை வாங்கி வையுங்கள். ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். சம்பளச் சிட்டையில் கழித்த தொகையையும் நிதிக் கணக்கில் விழுந்த தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. குறை தெரிந்தால் முதலில் முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். சரிவராவிட்டால் சிட்டைகளோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள்.

முதலாளிமாரே, ஊழியரிடம் கழித்த 8 சதவீதம் உங்கள் கையில் இருக்கும் அமானிதம். நீங்கள் சேர்க்க வேண்டிய 15 சதவீதம் அவருடைய ஹக்கு. இரண்டையும் தவணை தவறாமல் கட்டிவிடுங்கள்.