குடும்பத்துக்கு ஓர் ஐந்தொகை

செல்வம் சேர்க்க விரும்புகிறவர் முதலில் செய்யவேண்டிய காரியம், எந்தத் திட்டத்தில் வட்டி அதிகம் என்று நாலு பேரை விசாரிப்பதன்று. நிதியாண்டு பிறக்கும் ஏப்ரலில் ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஆஸ்திகளையும் எதிர்ப்பக்கத்தில் கடன்களையும் எழுதி, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை அடியில் குறித்து வைப்பதேயாகும்.

தன் உடைமையின் விலையை உயர்த்திக்கொண்டே போவது மனத்தின் சுபாவமாதலால், இங்கே சற்றுக் கண்டிப்பு அவசியம். நகைக்கு, வாங்கிய நாளில் கொடுத்த செய்கூலியையும் சேதாரத்தையும் சேர்க்காமல், இன்று விற்றால் கைக்கு வரும் தொகையையே எழுதவேண்டும். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்துக்கு, அதில் அச்சிட்டிருக்கும் பெருந்தொகையை விட்டு, இன்று ஒப்படைத்தால் கிடைக்கும் சரண்டர் மதிப்பை எழுதவேண்டும். சீட்டை முன்னமே எடுத்துவிட்டவர், இனிக் கட்டவேண்டிய தவணைகளையெல்லாம் கடன் பக்கத்தில் சேர்க்கவேண்டும். உறவினருக்குக் கொடுத்த கைமாற்றில், திரும்பி வருமென்று நிஜமாகவே நம்பக்கூடியதை மட்டும் எழுதினால் போதும். பெரும்பாலான குடும்பங்களில் அந்த வரி வெகு சுருக்கமாகவே முடியும்.

அடுத்தது இலட்சியம். அதற்கு ஒரு வருஷமும் ஒரு தொகையும் வேண்டும். அத்தொகை அந்த வருஷத்து விலையில் இருக்கவேண்டும். இன்று 2 வயதாகும் குழந்தையின் கல்லூரிப் படிப்புக்கு இன்றைய விலையில் 10 லட்சம் ரூபாய் ஆகுமென்றும், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுமென்றும் வைத்துக்கொண்டால், 16 ஆண்டுகள் கழித்து அதே படிப்புக்கு ஏறத்தாழ 25 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் தேவைப்படும்.

பணத்தை எங்கே இடுவது? ஆறு மாதச் செலவுக்கானது வங்கியில் இருக்கட்டும். கிரெடிட் கார்டுக் கடனிருந்தால் அதை அடைப்பதே முதல் சேமிப்பு. அதன்பின், 1968 முதல் நடந்துவரும் பொது வருங்கால வைப்பு நிதி இத்தகைய நெடுநாள் நோக்கத்துக்குப் பொருந்தும். ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1,50,000 ரூபாய் வரை அதில் கட்டலாம். அதன் 15 ஆண்டு முதிர்வுக்காலம், கணக்குத் தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணப்படுவதால், ஏப்ரலில் தொடங்குகிறவருக்கு 16 தவணைகள் கிட்டுகின்றன. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குப் பின் மாத முடிவு வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுவதால், ஏப்ரல் 5-க்குள் கட்டிவிடுவது உத்தமம். 2020 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட 7.1 சதவீதமே நீடிக்குமாயின், ஆண்டுக்கு 84,500 ரூபாய் கட்டிவந்தால் மேற்சொன்ன தொகை சேர்ந்துவிடும். அதையே மார்ச் கடைசியில் கட்டுகிறவர் ஒவ்வொரு தவணைக்கும் அவ்வருஷத்து வட்டி சுமார் 6,000 ரூபாயை இழக்கிறார். விலையேற்றத்தைச் சற்றே தாண்டும் இந்த வட்டியில் திருப்தியுறாதவர், ஏற்ற இறக்கத்தைச் சகிக்கும் மனம் இருந்தால், ஒரு பங்கை மியூச்சுவல் ஃபண்டுகளில் இடலாம்; ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தை ஒருபோதும் அங்கே இடலாகாது.

இனி, பெரும்பாலோர் கைவிட்டுவிடும் கட்டம். கட்டத் தொடங்கும்போதே, வழியில் எவ்வளவு சேர்ந்திருக்கவேண்டும் என்பதை நோட்டில் எழுதி வைக்கவேண்டும்: 5-ஆம் ஆண்டு முடிவில் சுமார் 5 லட்சத்து 21 ஆயிரம், 10-ஆம் ஆண்டு முடிவில் 12 லட்சத்து 56 ஆயிரம். பத்து வருஷம் விடாமல் கட்டியும் பாதியை எட்டவில்லையே என்று சலித்து இடையில் நிறுத்திவிடுகிறவர்கள், வட்டிக்கு வட்டி ஏறும் பிற்பகுதியில்தான் மறுபாதி சேருகிறதென்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஆண்டுதோறும் அதே நாளில் இருப்பைக் குறித்த தொகையோடு ஒப்பிட்டு, அந்தப் படிப்பின் அன்றைய கட்டணத்தையும் விசாரித்து எழுதவேண்டும். கட்டணம் நினைத்ததைவிட வேகமாக ஏறியிருந்தால், அவ்வருஷமே தவணையை உயர்த்துவது சுலபம். மாதந்தோறும் பார்ப்பது அநாவசியம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு எண்களையும், ஒவ்வொன்றுக்கும் நியமித்த வாரிசின் பெயரையும் எழுதி, அந்த நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறதென்பதை வீட்டிலுள்ள இன்னொருவருக்குச் சொல்லி வைக்கவேண்டும்.