ஷட்டரும் கேட்டும்: பார்த்துக்கொள்ள வேண்டியது யார்?

காலையில சிட்லபாக்கம் கடைத்தெருவில் நடந்து போனீங்கன்னா, வரிசையா ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கும். ஒண்ணு பாதியில் சிக்கும். கடைக்காரர் கொக்கிக் கம்பியால் ஒரு இழு இழுப்பார், படார்னு மேலே ஏறும். “இன்னும் ஒரு மாசம் தாங்கும்” என்று அவரும் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுவார். வீட்டு கேட் விஷயத்தில் நாமும் அப்படித்தான்.

லிஃப்ட் வைத்தால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி உரிமம் வேண்டும்; அரசு ஆய்வாளர் வந்து பார்ப்பார். வீட்டு கேட்டையும் சின்னக் கடை ஷட்டரையும் அப்படி யாரும் வந்து பார்ப்பதில்லை. அதனால் அந்த ஆய்வாளர் வேலை நம்முடையதுதான். தண்டவாளத்தை விட்டு நழுவும் இரும்பு கேட், பக்கத்தில் நிற்கும் குழந்தை மேலோ காவலாளி மேலோ சாய்ந்தால் உயிரே போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் கவனக்குறைவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 289-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள இயந்திரத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவதைக் குற்றம் என்கிறது. மோட்டாரில் ஓடும் கேட்டும் ஷட்டரும் இயந்திரங்கள்தானே! அலட்சியத்தால் காயம் ஏற்பட்டால் 125, உயிர் போனால் 106-ஆம் பிரிவு வரும். 106-ல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பாதிக்கப்பட்டவர் தனியாக நஷ்டஈடு கேட்டும் வழக்குப் போடலாம்.

அடுத்து வாடகைக் கடை, வாடகை வீடு. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் பராமரிப்பு வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. கதவின் பூட்டு, கைப்பிடி மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பு. “ஷட்டர் ஸ்பிரிங் போனால் செலவு யாருடையது?” என்ற கேள்வியை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி முடித்துவிடுங்க. பின்னாடி சண்டை வராது.

அடுக்குமாடி என்றால் வாசல் கேட் எல்லாருக்கும் பொது. தனி ஒருவர் தலையில் கட்டாமல், சங்கத்தின் பராமரிப்புக் கணக்கில் அதற்கென்று ஒரு தொகை ஒதுக்குங்க.

கேட் திறக்கும் திசையும் முக்கியம். தெருப் பக்கமாகத் திறக்கும் கதவு, கேட்டை அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது என்று 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமே சொன்னது. சட்டம் மாறினாலும் காரணம் மாறவில்லை: நடந்து போகிறவர் மேல் இடிக்கக் கூடாது. கேட்டை உள்பக்கம் திறக்கிற மாதிரி வையுங்க.

மாதம் ஒரு நாள், பத்து நிமிஷம்

1. நகரும் கேட்டைக் கடைசி வரை தள்ளிப் பாருங்க. இரு முனையிலும் ஸ்டாப்பர் உறுதியாக நிற்கிறதா? மேலே தாங்கும் கைடு ரோலர் ஆடுகிறதா? ஸ்டாப்பர் இல்லாத கேட்டை அன்றைக்கே சரிசெய்யுங்க.

2. கீல் கேட்டைப் பாதி திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்க. ஆடினால் கீலோ வெல்டிங்கோ தளர்ந்திருக்கிறது. அதில் குழந்தைகள் ஏறி ஊஞ்சல் ஆட விடாதீங்க.

3. ஷட்டரின் இரண்டு பக்கத் தடத்தையும் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் விடுங்க. கெட்டி கிரீஸ் வேண்டாம்; மண்ணைப் பிடித்துவைத்து ஷட்டரைச் சிக்க வைக்கும்.

4. ஷட்டர் ஒரு பக்கம் சாய்ந்து ஏறினாலோ, பாதியில் விட்டதும் தானாக இறங்கினாலோ ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். நீங்களே கழற்றாதீங்க. முறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் கையை முறித்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

5. மோட்டார் கேட் மூடும்போது குறுக்கே ஓர் அட்டைப்பெட்டியை வையுங்க. கேட் நின்று திரும்ப வேண்டும். நசுக்கினால் சென்சாரைச் சரிசெய்யும் வரை மோட்டாரை நிறுத்தி, கையால் இயக்குங்க. கரண்ட் போனால் கையால் திறக்கும் வழி வீட்டில் எல்லாருக்கும் தெரியணும்.

புது ஷட்டர் வாங்கும்போது ஐஎஸ் 6248 தரத்தைக் கேளுங்க. அதன்படி 3.5 மீட்டர் அகலம் வரை தகடு குறைந்தது 0.9 மில்லிமீட்டர், அதற்கு மேல் 1.2 மில்லிமீட்டர் கனம் இருக்கணும்.

நம்ம ஊருக்கு மழைதான் பரீட்சை

சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் மழைநீர் நின்றதை மறந்திருக்க மாட்டீங்க. தண்ணீர் நின்ற இடத்தில் கேட்டின் அடிச்சட்டம், ஷட்டரின் அடித்தகடு, தூணில் கேட்டைப் பிடிக்கும் இரும்பு எல்லாம் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொலபொலவென்று உதிரும். அக்டோபருக்கு முன்னாடி இதைப் பாருங்க. மோட்டாரையும் சுவிட்சையும் தண்ணீர் ஏறாத உயரத்தில் வைத்து, எர்த் இணைப்பும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்க. கேட்டில் லேசாக ஷாக் அடித்தாலும் தொடாமல் விலகி நின்று, மின்னகம் 94987 94987-க்கு அழையுங்க.

இன்னொன்று, உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டாதீங்க. 1997-ல் டெல்லி உபகார் திரையரங்கத் தீயில் 59 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம். இரவில் கடைக்குள் ஊழியர் தூங்கினால், உள்ளிருந்து திறக்கும் வழி கட்டாயம் இருக்கட்டும்.

கையில் போன் இருக்கிறதே! மாதம் ஒருமுறை நினைவூட்டல் வையுங்க. பழுது பார்த்த பில்லையும் தேதியோடு படத்தையும் எடுத்து வையுங்க. நீங்க கவனமா இருந்தீங்க என்பதற்கு அதுவே சாட்சி. தெருவை மறிக்கும் கேட், சாயும் நிலையில் உள்ள பொதுக் கட்டடக் கதவு பற்றி 1100-ல் முதல்வரின் முகவரிக்குச் சொல்லலாம். யாராவது சிக்கிக்கொண்டால் 112, தீ, மீட்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

இன்றைக்கு சாயங்காலம் வீட்டுக்குள் போகும்போது, கேட்டை ஒரு தடவை கடைசி வரை தள்ளிப் பாருங்க.