தாயைப் போலக் கன்று: மல்லிகை முதல் எருமை வரை

திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் வலையங்குளம் முதலிய ஊர்களில் மல்லிகை பயிரிடும் குடியானவர் எவரும் விதை தூவி அதனை வளர்ப்பதில்லை. இச்செடியில் விதை பிடிப்பது மிக அரிது. ஆகவே, தாய்ச்செடியின் தண்டை நறுக்கி, மணற்பாத்தியில் ஊன்றி, வேர்விட்டபின் நடுகின்றனர். மதுரைப் பகுதிக்கு வேண்டிய நாற்றுகளில் பெரும்பாலானவை இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்திலிருந்து வருகின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் பண்பு தலைமுறைதோறும் மாறாதிருப்பதற்கு இம்முறையும் ஒரு காரணமாகும்.

மாணவர்கள் இதன் உட்பொருளை அறிதல் வேண்டும். விதையில் தாய், தந்தை இரண்டின் மரபுப் பண்புகளும் கலக்கின்றன. ஆதலின் விதைக்கு விதை வேறுபாடு உண்டு. தண்டுத் துண்டிலோ அக்கலப்பு இல்லை. அதன் உயிரணுக்கள் பிரியும்போதெல்லாம் தம் குரோமோசோம்களைப் படியெடுத்துச் சமமாகப் பங்கிட்டுக் கொள்கின்றன. எனவே, புதுச்செடி தாய்ச்செடியின் நேர் நகலாகிறது. இங்ஙனம் ஒரே மரபுடைய உயிர்களை உண்டாக்குவதே குளோனிங் எனப்படும். பக்கக்கன்றினால் வாழை பெருகுவதும் இதுவே.

இம்முறையில் நன்மையோடு தீமையும் உண்டு. தாயிடம் வைரஸ் நோய் இருப்பின், கன்றுக்கும் அது வந்து சேரும். மேலும், எல்லாக் கன்றுகளும் ஒரே மரபுடையனவாதலால், ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். சிறுமலை, பழனி மலைச்சாரல்களின் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் பெரிதும் அழித்தது. நோயுற்ற கன்றுகளாலும், வாழை அசுவினிப் பூச்சியாலும் அது பரவிற்று. இதற்கு மாற்றாக வந்ததே திசு வளர்ப்பு. குருத்தின் நுனியைச் சிறிதளவு எடுத்து, சத்துக் கலவையுள்ள கண்ணாடிக் குப்பியில் தூய்மையாக வளர்த்து, வைரஸ் சோதனை செய்து, ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பெறுகின்றனர்.

விலங்குகளில் இஃது எளிதன்று. ஆட்டின் காதை நறுக்கி ஊன்றினால் ஆடு முளைக்காதன்றோ! ஆகவே, ஒரு முட்டையணுவின் உட்கருவை நீக்கி, அவ்விடத்தில் நகல் எடுக்க வேண்டிய விலங்கின் உயிரணுவைச் சேர்த்து, கருவாக வளர்த்து, வேறொரு தாயின் கருப்பையில் வைக்கின்றனர். 1996-இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தில் டாலி என்னும் ஆடு இவ்வாறு பிறந்தது. 277 முயற்சிகளில் உயிரோடு கிடைத்தது அஃது ஒன்றே. நம் நாட்டில் ஹரியானாவின் கர்னால் நகரிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில், 2009 பிப்ரவரியில் குளோனிங் முறையில் பிறந்த எருமைக்கன்று சில நாட்களே வாழ்ந்தது. விஞ்ஞானிகள் சோர்வடையவில்லை, 2010 ஆகஸ்டில் கரிமா-2 பிறந்தது. அது வளர்ந்து, 2013-இல் இயற்கையாகவே ஒரு கன்றை ஈன்றது.

நகல் என்பது நலத்தை மட்டுமன்றிக் குறையையும் பெருக்கும். ஆதலின், நடுபவர் முதலில் தாய்ச்செடியை ஆராய்க, நோயற்றதைத் தேர்க. தோட்டம் முழுவதையும் ஒரே இரகத்தால் நிரப்பாதிருப்பதும் நன்று. மாணவர்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரே செம்பருத்தியின் ஐந்து தண்டுகளை ஊன்றி, மலரும் பூக்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. பாடம் கண்முன்னே விளங்கும்.